குழந்தையின் தந்தை யார்?

பத்திரப் பதிவின்போது பெருவிரல் ரேகை வைப்பதைப் பார்த்திருப்போம். ஒருவரின் ரேகை போல இன்னொருவரின் ரேகை இருக்காது. அதனால்தான் அதை அடையாளமாகக் கொள்கிறார்கள்.

நம் உடலுக்குள்ளும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. அதற்கு டி.என்.ஏ. ரேகை என்று பெயர்.

ஒரு தாயின் வழக்கு

கேரளத்தில் தலச்சேரி என்று ஓர் ஊர் உள்ளது. 1980களின் இறுதியில் ஒரு தாய் அங்கே நீதிமன்றத்துக்கு வந்தார். தன் குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை கேட்டார். குழந்தையின் தந்தை இன்னார் என்றும் சொன்னார். அந்த மனிதரோ, குழந்தை தன்னுடையது அல்ல என்று மறுத்தார்.

அக்காலத்தில் ரத்த வகையைச் சோதிப்பதுண்டு. ‘இவர் தந்தை அல்ல’ என்று சில வேளைகளில் அது காட்டும். ‘இவரே தந்தை’ என்று உறுதியாகச் சொல்லாது.

எனவே தாய், குழந்தை, அந்த மனிதர் ஆகிய மூவரின் ரத்தமும் ஐதராபாத்துக்குச் சென்றது. அங்கே செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளது. அறிஞர் லால்ஜி சிங் அங்கே பணியாற்றி வந்தார். அவர் உத்தரப்பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்.

டி.என்.ஏ. ரேகை முறையை 1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். லால்ஜி சிங் நம் நாட்டிலேயே ஒரு முறையை உருவாக்கினார். கட்டுவிரியன் இனப் பாம்பை ஆராய்ந்தபோது கிடைத்த டி.என்.ஏ. துண்டு அதற்கு உதவியது.

சோதனை எப்படி நடக்கிறது?

ரத்தத்தின் வெள்ளணுக்களில் டி.என்.ஏ. உள்ளது. அது மிக மெல்லிய, நீளமான நூல் போன்றது. அதில் பாதி தாயிடமிருந்து வருகிறது. மறுபாதி தந்தையிடமிருந்து வருகிறது.

1. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள்.
2. நொதி என்னும் பொருளைச் சேர்ப்பார்கள். அது கத்தரிக்கோல் போல நூலைத் துண்டுகளாக வெட்டும்.
3. துண்டுகளைக் கூழ் போன்ற தட்டில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். சிறிய துண்டு வேகமாக ஓடும். பெரிய துண்டு பின்தங்கும்.
4. பிரிந்த துண்டுகளை ஒரு மெல்லிய தாளில் படிய வைப்பார்கள். கதிர்வீச்சு ஊட்டிய டி.என்.ஏ. துண்டை அதன் மேல் சேர்ப்பார்கள். தன்னோடு பொருந்தும் இடங்களில் அது ஒட்டிக்கொள்ளும்.
5. எக்ஸ்-ரே படத்தில் அந்த இடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். குழந்தையின் படத்தில் 12 கோடுகள் உள்ளன. அவற்றில் 7 தாயின் படத்திலும் உள்ளன. மீதி 5 கோடுகள் எங்கிருந்து வந்தன? தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த மனிதரின் படத்தில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

தலச்சேரி வழக்கில் கோடுகள் பொருந்தின. தாய் சொன்னது உண்மை என்று தெரிந்தது. நீதிமன்றம் அதை ஏற்றது. 1991-இல் கேரள உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. டி.என்.ஏ. ரேகையை இந்திய நீதிமன்றம் ஏற்ற முதல் வழக்கு இதுவே.

இன்று முறை மாறிவிட்டது. சிறிதளவு டி.என்.ஏ.வைக் கருவியில் இட்டுப் பல லட்சம் நகல்கள் எடுக்கிறார்கள். ஒரு முடியின் வேர் கூடப் போதும்.

கவனம் தேவை

குப்பியில் பெயர் மாறினால் முடிவும் மாறிவிடும். ஆகவே ரத்தம் கொடுப்பவர், குப்பியில் ஒட்டிய பெயரைத் தாமே படித்துப் பார்க்க வேண்டும். முத்திரை வைப்பதையும் கவனிக்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்திட வேண்டும்.

எல்லா வழக்கிலும் நீதிமன்றம் இச்சோதனைக்கு உத்தரவிடாது. தேவை உண்டா என்று ஆராயும். உத்தரவிட்ட பின்னும் ஒருவர் ரத்தம் தர மறுத்தால், அதை அவருக்கு எதிராகக் கருதவும் இடமுண்டு.

பெற்றோருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும், குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை பெறும் உரிமை உண்டு. வழக்கு நடத்தப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும். நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

விடை கூறுங்கள்

1. குழந்தைக்கு டி.என்.ஏ. யார் யாரிடமிருந்து வருகிறது?
2. மின்சாரம் செலுத்தும்போது எந்தத் துண்டு வேகமாக ஓடும்?
3. குப்பியில் உள்ள பெயரை ஏன் படித்துப் பார்க்க வேண்டும்?