சிறு பொறியும் பெரு முயற்சியும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. ஆயினும், கருவிகளைப் பொறுத்தவரையில் இவ்வுண்மையை மக்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர். புதிய கணிப்பொறி ஒன்று கடைக்கு வந்தவுடன், பழையது பயனற்றது எனக் கருதப்பட்டு வீட்டின் மூலையை அடைகிறது. ஆனால், இன்று உலகெங்கும் எண்ணற்ற பொறிகளை இயக்கிவரும் லினக்ஸ் என்னும் இயங்குதளம், ஓர் இளைஞரின் பொழுதுபோக்காகப் பிறந்தது. சிறிய பொறிகளையும் பழைய பொறிகளையும் விரும்பிப் பயின்றவர்களின் உழைப்பால் அது வளர்ந்தது. அவ்வரலாறு அறியத்தக்கது.

இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறி தானே எதனையும் செய்யவல்லதன்று. விசைப்பலகையில் தட்டும் எழுத்தை ஏற்றல், வட்டில் செய்திகளைப் பதித்தல், நினைவகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இடம் வகுத்தல், பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமற் காத்தல் ஆகிய பணிகளைப் புரியும் ஆணைத்தொகுதியே இயங்குதளமாகும். கால்வாய் நீரை முறைவைத்து வயல்தோறும் பாய்ச்சும் நீர்க்கட்டியின் பணியை இதற்கு ஒப்பிடலாம். நீர் குறைந்த காலத்தில்தான் நீர்க்கட்டியின் திறமை விளங்கும். அதுபோலவே, வசதி குறைந்த பொறியில்தான் இயங்குதளத்தின் திறமை வெளிப்படும்.

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 1969-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் புள்ளியியல் பேராசிரியர். அவர் 1981-ஆம் ஆண்டளவில் கமடோர் விக்-20 என்னும் சிறு கணிப்பொறியை வாங்கினார். பேரனைத் தம் மடியில் அமர்த்திக்கொண்டு, தாம் எழுதிய ஆணைகளைத் தட்டச் செய்தார். அப்பொறியின் நினைவகம் 5 கிலோபைட்டு மட்டுமே. ஏறத்தாழ ஐயாயிரம் ஆங்கில எழுத்துகளுக்கே அதில் இடமுண்டு. இடம் அவ்வளவு சுருங்கியிருந்தமையால், ஒவ்வோர் ஆணையையும் எண்ணிப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது. சிக்கனமாகச் சிந்திக்கும் பழக்கத்தை அச்சிறு பொறி அச்சிறுவருக்குக் கற்பித்தது.

1988-ஆம் ஆண்டில் லினஸ் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1991-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 386 என்னும் செயலி பொருத்திய கணிப்பொறி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட்டு. பேராசிரியர் ஆண்ட்ரூ தானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டு இயற்றிய மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் நிறுவினார். தொலைபேசிக் கம்பியின் வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்புகொள்ள ஓர் ஆணைத்தொகுதி தேவைப்பட்டது. அதனைத் தாமே எழுதத் தொடங்கினார். புதிய செயலியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கம். தொடர்பு கிடைத்தபின், பெற்ற கோப்புகளைச் சேமிக்க விரும்பினார். அதற்காக வட்டினை இயக்கும் பகுதியை எழுதினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிகள் பெருகின. அவர் கையில் ஓர் இயங்குதளமே உருப்பெற்று வருவதை உணர்ந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மினிக்ஸ் பயில்வோருக்கு அவர் ஓர் அறிவிப்பு விடுத்தார். தாம் செய்துவருவது பொழுதுபோக்கு முயற்சியே என்றும், அது பெரிதாக வளரப் போவதில்லை என்றும் அதில் குறித்தார். செப்டம்பரில் வெளிவந்த முதற் பதிப்பு ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளைக் கொண்டிருந்தது.

முயற்சியின் இடையே பிழைகளும் நேர்ந்தன. ஒரு நாள், பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைக்குமாறு தம் பொறிக்கு ஆணையிட்ட லினஸ், அவ்வாணையைத் தவறுதலாக வட்டிற்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதியின் இன்றியமையாத செய்திகள் அழிந்தன. மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, தாம் எழுதிய முற்றுப்பெறாத இயங்குதளத்தையே நம்புவதா என்னும் வினா எழுந்தது. அவர் தம் படைப்பையே நம்பினார். அதன்பின் அதிலுள்ள ஒவ்வொரு குறையும் அவருடைய அன்றாடக் குறையாயிற்று; ஆகவே, விரைந்து திருத்தப்பட்டது.

ஜெர்மனி நாட்டவர் ஒருவரின் பொறியில் 2 மெகாபைட்டு நினைவகமே இருந்தது. லினக்ஸின் வரிகளைப் பொறி ஏற்கும் வடிவிற்கு மாற்ற அவர் முயன்றபோது இடம் போதவில்லை. இச்செய்தி லினஸை எட்டியது. வேறொருவராயின், பெரிய பொறி வாங்குமாறு கூறி முடித்திருப்பர். லினஸோ, 1991-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தை இதற்கெனச் செலவிட்டார். நெருக்கடியான சிறு வீட்டில், உடனே வேண்டாத பொருள்களைப் பரணில் ஏற்றி, வேண்டும்போது இறக்கிக்கொள்வதுண்டு. அவ்வாறே, நினைவகத்தில் உடனடியாகப் பயன்படாத பகுதிகளை வட்டிற்கு மாற்றி, தேவைப்படும்போது மீட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். இத்திறன் மினிக்ஸில் இல்லை. இதன் பொருட்டே பலர் லினக்ஸை நாடினர். சிறு பொறி வைத்திருந்த ஒருவரது குறையைத் தீர்க்கச் செய்த மாற்றம் எல்லார்க்கும் நலமாய் விளைந்தது.

1992-ஆம் ஆண்டில் லினஸ் தம் படைப்பைப் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த உரிமம் அது. அதன்படி எவரும் அவ்வரிகளைப் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். தாம் மாற்றியதை வழங்குவோர், மாற்றிய வரிகளையும் உடன் அளித்தல் வேண்டும். இவ்வுரிமையால், மூடிய பெட்டியாக இருந்த கணிப்பொறி, ஆர்வலர்க்குத் திறந்த நூலாயிற்று.

அந்நூலை இளைஞர்க்கு எட்டச் செய்யவும் சிலர் முனைந்தனர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கணிப்பொறியியல் பயில வரும் மாணவர்களிடையே ஆணைத்தொகுதி எழுதும் பழக்கம் குன்றி வருவதை ஏபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் கண்டு கவலையுற்றனர். அவர்களது உழைப்பின் பயனாக, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் ராஸ்பெரி பை என்னும் பொறி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையின் விலை 35 டாலர். நினைவகம் 256 மெகாபைட்டு. அதனை இயக்கியது லினக்ஸே. விளக்குகளையும் உணர்கருவிகளையும் நேரே இணைக்கத்தக்க ஊசிமுனைகளும் அதில் இருந்தன.

இனி, எல்லை காணும் ஆர்வம் கொண்ட ஒருவரின் செயலைக் காண்போம். லினக்ஸ் இயங்க, 32 இரும இலக்கங்களை ஒருங்கே கையாளும் செயலி வேண்டும். டிமிட்ரி கிரின்பெர்க் என்பார் 2012-ஆம் ஆண்டில், 8 இலக்கங்களை மட்டுமே கையாளவல்ல ஒரு சிறு சில்லில் லினக்ஸை இயக்க முற்பட்டார். பழைய கணிப்பொறிகளில் பயன்பட்ட 16 மெகாபைட்டு நினைவகப் பலகையை அதனோடு இணைத்தார். சிறு சில்லைக் கொண்டு பெரிய செயலி ஒன்றைப் போல நடிக்கச் செய்தார். அயல்மொழி நூலைச் சொல்சொல்லாக அகராதியில் தேடிப் படிப்பவனைப் போல, அச்சில்லு ஒவ்வோர் ஆணையையும் தனக்கு இயன்ற சிற்றாணைகளாகப் பிரித்துச் செய்தது. கட்டளை ஏற்கும் நிலையை அடைய 2 மணி நேரமும், முழு அமைப்பும் எழ மேலும் 4 மணி நேரமும் ஆயின. 2024-ஆம் ஆண்டில் அவர் இன்னும் பின்னோக்கிச் சென்றார். கணக்கிடு கருவிக்கென உருவாகி, 1971-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இன்டெல் 4004 என்னும் 4 இலக்கச் செயலியில் லினக்ஸை இயக்கினார். அது கட்டளை ஏற்கும் நிலையை அடைய 4.76 நாள்கள் ஆயின.

ஐந்து நாள் காத்திருந்து பெறும் பொறியால் யாது பயன் எனச் சிலர் வினவலாம். அன்றாட வேலைக்கு அது பயன்படாது என்பது உண்மையே. ஆயினும், மெதுவாக இயங்குவது எது, இயங்கவே முடியாதது எது என்னும் வேறுபாட்டை அம்முயற்சி தெளிவாக்கியது. செயலியின் ஒவ்வோர் ஆணையையும் நுணுகி அறிந்தாலன்றி அதனைச் செய்து முடித்தல் அரிது. அவ்வறிவே அவர் பெற்ற ஊதியம்.

பழையதைப் போற்றுவோர் உணர வேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. லினக்ஸ் பிறந்த 386 செயலிக்கான ஆதரவு, 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் வரிகளிலிருந்து நீக்கப்பட்டது. அப்பழஞ் செயலிக்கெனத் தனி வழிகளைக் காத்துவருவது, ஏனைய பகுதிகளைத் திருத்துவோர்க்குச் சுமையாக இருந்ததே காரணம். தொட்டிலை விட்டு இறங்காத குழந்தை நடை பயில்வதில்லை. எனினும், முந்தைய பதிப்புகளின் வரிகள் அழிந்துவிடவில்லை. பழைய 386 பொறியை உடையவர் அவற்றைப் பெற்று இன்றும் இயக்கலாம். வரிகள் பொதுவுடைமையாய் இருப்பதன் சிறப்பு இதுவே.

பெரிய பொறியைப் பொருளுடையோர் எவரும் வாங்கலாம். அதன் உள்ளே நிகழ்வதை அறியும் அறிவைப் பயிற்சியாலன்றிப் பெற இயலாது. மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறி, அப்பயிற்சிக்கு ஏற்ற ஆசானாகும். பிழை நேரினும் இழப்புச் சிறிது. கற்கும் பாடமோ பெரிது. பிழை கண்டு துவளாமல், தம் குறையோடு பிறர் குறையையும் தீர்க்க முனைவோர் கையில் சிறு பொறியும் பெரும்பயன் விளைக்கும்.