கூம்புக் கதிர்ப் படம்

நிழலுக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. மாலை வெயிலில் ஒருவர்பின் ஒருவராக நிற்கும் இருவரின் நிழல், சுவரில் ஒன்றாகவே விழும். முன்னிற்பவர் யார், இருவர்க்கும் இடைவெளி எத்துணை என்பதை அந்நிழலைக் கொண்டு அறிதல் இயலாது. பல் மருத்துவர்களை நெடுங்காலம் வருத்திய இடர்ப்பாடும் இதுவே.

ஜெர்மனி நாட்டு வூர்ஸ்பர்க் நகரில், 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ராண்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சனவரியிலேயே, அந்நாட்டுப் பல் மருத்துவர் ஆட்டோ வால்காப் என்பார், ஒளிபுகாவண்ணம் பொதிந்த ஒளிப்படத் தகட்டைத் தம் வாயில் வைத்து, 25 நிமிடம் அசையாதிருந்து, தம் பற்களையே படம் எடுத்தார். அவர்தம் பொறுமை வியக்கத்தக்கது. இன்று அவ்வேலை ஒரு நொடிக்குள் முடிகிறது. ஆயினும், அன்றுபோலவே இன்றும் அப்படம் நிழலே ஆகும்.

இதனால் விளையும் இடர் யாது? கீழ்த்தாடை எலும்பினுள் இருபுறமும் குழாய் போன்ற வழியொன்று உண்டு. அதனூடே ஒரு நரம்பு செல்கிறது. கீழ்ப்பற்களுக்கும், கீழுதட்டிற்கும், மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்நரம்பே. கடைவாயின் கோடியில் முளைக்கும் ஞானப்பல்லின் வேர், சிலர்க்கு அந்நரம்பை ஒட்டியே அமைந்துவிடும். பல்லைப் பிடுங்குங்கால் நரம்பு நசுங்குமாயின் உதடு மரத்துப்போகும். சிலர்க்கு அம்மரப்பு நீங்காமலும் போகலாம். நிழற்படத்திலோ வேரும் நரம்பு வழியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். நரம்பு செல்வது வேரின் கன்னப்புறமா, நாப்புறமா, அன்றி வேரைத் தொட்டா என்பது தெளிவாகாது.

தென்னந்தோப்பில் ஓரிடத்தில் நின்று நோக்குவோனுக்கு, நேர்வரிசையில் உள்ள பல மரங்கள் ஒரு மரமாகத் தோன்றும். அவனே தோப்பைச் சுற்றி நடப்பானாயின், மரங்கள் தனித்தனியே பிரிந்து, அவற்றின் இடைவெளியும் புலப்படும். கூம்புக் கதிர்ப் படக்கருவி செய்வதும் இத்தகைய சுற்றுநடையே. நோயாளியின் தலைக்கு ஒருபுறம் கதிர்க்குழாயும், எதிர்ப்புறம் கதிரை வாங்கும் பலகையும் அமைந்துள்ளன. குழாயினின்று கதிர் கூம்பு வடிவில் விரிந்து செல்லும். இரண்டும் தலையை ஒருமுறை சுற்றிவருவதற்குள் நூற்றுக்கணக்கான நிழல்கள் பதிவாகும். இது அரைநிமிட அளவில் முடிந்துவிடும். அதற்குள் நோயாளி தலையை அசைத்தால் படம் மங்கும்.

உடலைச் சுற்றிப் படமெடுத்து உள்ளுருவைக் கணிக்கும் முறை இதற்கு முன்பே தோன்றியது. 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அது மெல்லிய கதிரால் துண்டு துண்டாகப் படமெடுப்பது. கூம்புக் கதிர் நிழல்களினின்று முழு உருவைக் கணிக்கும் வழியை 1984-இல் பெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்னும் மூவர் வகுத்தனர். பல் மருத்துவத்திற்கு ஏற்ற கருவிகள் 1990-களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் சப்பானிலும் உருவாயின.

கணிப்பொறி அந்நிழல்களையெல்லாம் ஒருங்கே ஆராய்ந்து, தாடையை மிகச் சிறிய கனசதுரங்களால் அடுக்கிக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கமும் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். மருத்துவர் அவ்வுருவை வேண்டிய இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். நரம்பிற்கும் வேருக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். செயற்கைப் பல்லின் திருகைத் தாங்க எலும்பு போதுமா எனவும் காணலாம். ஆனால், ஈறு, நாக்கு முதலிய மென்தசைகள் இதில் நன்கு தோன்றா. உலோகம் அடைத்த பல் இருப்பின், அதனைச் சூழக் கோடுகள் பாய்ந்து படத்தைக் கெடுக்கும்.

இத்துணைப் பயன் இருப்பினும், யாவர்க்கும் இப்படம் எடுத்தல் கூடாது. எக்ஸ் கதிர் உடலணுக்களைத் தாக்கவல்லது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் வாழ்ந்த எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர், தம் கையையே கதிரின்முன் நீட்டிக் குழாயைச் சரிபார்த்து வந்தார். அக்கையில் புற்று தோன்றியது. விரல்களையும், பின்னர்க் கையையும் இழந்து, 1928-இல் அவர் மறைந்தார்.

இன்று கதிரின் அளவு மிகச் சிறிது. சிறு பல் படம் ஒன்று பெரும்பாலும் 10 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. கூம்புக் கதிர்ப் படமோ சில பத்துகள் முதல் சில நூறுகள் வரை செல்லும். வளரும் பிள்ளைகளின் உடல் கதிருக்கு எளிதில் ஊறுபடுவதாகலின், அவர்கள்பால் இன்னும் கருத்து வேண்டும். ஆதலின், மருத்துவர் முதலில் வாயை நேரே ஆராய்வார். பின்னர்ச் சிறு படம் எடுப்பார். அதிலும் வேரும் நரம்பும் பிரிந்து தோன்றாவிடில்தான், கதிர் படும் பரப்பைத் தேவைக்கேற்பக் குறுக்கி, கூம்புக் கதிர்ப் படத்தை நாடுவார்.