ஸ்டார்லிங்க் விண்கலப் பொம்மைகள்: புதிதாக ஆட வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கன்ட்ரோலரின் மேல் ஒரு பொம்மை விண்கலத்தை மாட்டுகிறீர்கள். அதே கலம் திரையில் பறக்கிறது. இறக்கையைப் பிடுங்கினால் திரையிலும் இறக்கை காணாமல் போகிறது. யுபிசாஃப்டின் டொராண்டோ ஸ்டுடியோ உருவாக்கி, 2018 அக்டோபரில் வெளிவந்த 'ஸ்டார்லிங்க்: பேட்டில் ஃபார் அட்லஸ்' கேமின் கவர்ச்சியே இதுதான். பொம்மைகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இனிப் புதிய பொம்மைகள் வராது என்று 2019 ஏப்ரலில் நிறுவனமே அறிவித்துவிட்டது. ஆகவே இன்று தொடங்குபவர் பழைய சரக்கில்தான் தேட வேண்டும். கொஞ்சம் விவரம் தெரிந்து தேடினால் காசு வீணாகாது.

முதல் படி: எந்தக் கருவியில் ஆடப்போகிறீர்கள்?

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய மூன்றிலும் பொம்மைகளோடு ஆடலாம். 2019இல் வந்த கம்ப்யூட்டர் பதிப்பில் பொம்மைகள் வேலை செய்யாது.

கவனிக்க வேண்டியது மவுண்ட். கலத்தைத் தாங்கி கன்ட்ரோலரில் உட்காரும் அந்தத் துண்டு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. கலங்கள், பைலட்கள், ஆயுதங்கள் பொதுவானவை. இதற்கு ஒரே விலக்கு நின்டெண்டோவின் ஸ்டார் ஃபாக்ஸ் கேம் வரிசையைச் சேர்ந்த பொம்மைகள். ஃபாக்ஸ் மெக்கிளவுடும் அவருடைய ஆர்விங் கலமும் ஸ்விட்ச் ஸ்டார்ட்டர் பேக்கில் மட்டுமே வந்தன. ஃபாக்ஸின் எதிரி வுல்ஃபைத் துரத்தும் தனி மிஷன்களும் ஸ்விட்ச் பதிப்பில்தான் உண்டு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஸ்விட்ச் பதிப்பையே வாங்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: டிஜிட்டலில் தொடங்குங்கள்

பொம்மை ஒன்றுகூட இல்லாமல் முழு கேமையும் முடிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் முதலிலேயே பொம்மைக் குவியலுக்குச் செலவழித்துவிடுகிறார்கள். வெளியான காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்ட்டர் பேக் 75 டாலர், தனிக் கலம் 25 டாலர் என்று விலை வைத்தார்கள். டிஜிட்டல் பதிப்பில் அதைவிடக் குறைந்த செலவில் பல கலங்களும் ஆயுதங்களும் சேர்ந்தே வந்துவிடும். ஆடிப் பார்த்து, எந்தக் கலம் மனதுக்குப் பிடிக்கிறதோ அதன் பொம்மையை மட்டும் பிறகு தேடுங்கள்.

மூன்றாம் படி: பொம்மையை மாட்டும் முறை

முதலில் மவுண்டின் மேல் பைலட்டை நிறுத்துங்கள். அவருக்கு மேல் கலத்தின் உடல் பகுதி. பிறகு இரண்டு பக்கமும் இறக்கைகள். கடைசியாக இறக்கைகளில் ஆயுதங்கள். ஒவ்வொன்றும் சரியாக உட்கார்ந்ததும் திரையில் அந்தப் பாகம் தோன்றும். தோன்றாவிட்டால் கழற்றி மறுபடி அழுத்துங்கள்.

விளையாட்டு இங்கேயே தொடங்கிவிடுகிறது. நெப்டியூன் கலத்தின் இறக்கையை ஜெனித்தின் உடலில் மாட்டலாம். இறக்கையோடு இன்னொரு இறக்கையைத் தொடுத்து நீட்டலாம். ஆயுதத்தைத் திருப்பி மாட்டினால் குண்டு பின்பக்கம் பாயும்! நடுச் சண்டையில் பாகத்தைக் கழற்றினாலும் பதற வேண்டாம், நீங்கள் மாற்றி முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும். எதிரி கண்முன்னே உறைந்து நிற்க, ஒரு துப்பாக்கியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் அந்த நொடிகளின் சுகம் மெனுவில் பட்டனைத் தட்டி மாற்றுவதில் கிடைக்கவே கிடைக்காது. பொம்மைக்குக் கொடுக்கிற பணம் உண்மையில் இதற்குத்தான்.

பழைய பொம்மை வாங்கும்போது இணைப்புப் பகுதி உடையாமல் இருக்கிறதா, பைலட் கூடவே வருகிறாரா என்று படம் கேட்டுப் பாருங்கள். மவுண்ட் உங்கள் கருவிக்கானதுதானா என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நான்காம் படி: ஆயுதங்களைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள்

சுட்டுக்கொண்டே இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தால் சீக்கிரமே திணறிப் போவீர்கள். ஆயுதங்களுக்கு நெருப்பு, பனி, ஈர்ப்பு, ஸ்டாசிஸ், கைனெடிக் என்று வகைகள் உண்டு. நெருப்பு எதிரியிடம் நெருப்பு எடுபடாது, பனிதான் பலிக்கும். தொடக்கத்தில் ஓர் இறக்கையில் ஃபிளேம்த்ரோயரும் மறு இறக்கையில் ஃப்ராஸ்ட் பாராஜும் வைத்துப் பழகுங்கள். இரண்டு வகைகள் சேரும்போது புது விளைவு பிறக்கும். ஈர்ப்புச் சுழலை உண்டாக்கி அதற்குள் நெருப்பைப் பாய்ச்சிப் பாருங்கள், சுழலே தீப்பற்றி அருகில் இருப்பவர்களை எல்லாம் எரிக்கும்.

ஐந்தாம் படி: எதை முதலில் அழிப்பது?

கேம் நடக்கும் அட்லஸ் மண்டலத்தில் ஏழு கிரகங்கள். விண்வெளியிலிருந்து எந்த இடைத்திரையும் இல்லாமல் நேராகத் தரைக்கு இறங்கலாம். எல்லாவற்றையும் ஆக்கிரமிக்க அலைவது லீஜன் என்ற இயந்திரப் படை. கிரகத்தில் ஊன்றியிருக்கும் எக்ஸ்ட்ராக்டர்கள் பிரைம் என்ற ராட்சத இயந்திரத்துக்கு வலு சேர்க்கும். பிரைம்கள் விண்வெளியில் மிதக்கும் டிரெட்நாட் கப்பலுக்கு வலு சேர்க்கும். அதனால் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு போங்கள்: முதலில் எக்ஸ்ட்ராக்டர், அடுத்து பிரைம், கடைசியில் டிரெட்நாட். நேரே பிரைமோடு மோதப் போவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் அடிவாங்கும் இடம். போகிற வழியில் கூட்டாளிகளின் நிலையங்களை எழுப்பிக்கொண்டே போனால் வருமானமும் கலத்தை மேம்படுத்தும் பாகங்களும் கிடைக்கும்.

ஆறாம் படி: இரண்டாவது கலம், இரண்டாவது ஆள்

கலம் வெடித்துவிட்டால் கையில் இருக்கும் இன்னொரு கலத்தைக் கொண்டு அங்கேயே சண்டையைத் தொடரலாம். அதனால் ஒரே கலத்துக்கு ஆயுதங்களைக் குவிப்பதைவிட இரண்டாவது கலம் ஒன்று வைத்திருப்பதே மேல்.

ஒரே டிவியில் திரையைப் பிரித்து இருவர் ஆடலாம். இரண்டு பேரும் பொம்மையோடுதான் ஆட வேண்டும் என்றால் இன்னொரு மவுண்ட் வேண்டும். அதைக் கோ-ஆப் பேக் என்ற பெயரில் தனியாக விற்றார்கள். தேடும்போது அந்தப் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.