சிறுநீர்ப் புழுநோயும் டி.என்.ஏ. சோதனையும்

நோயின் மூலத்தைத் தெளிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. அம்மூலம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதபோது அதனைத் தெளியும் வழி யாது? இவ்வினாவுக்கு இக்கால விஞ்ஞானம் அளிக்கும் விடையொன்றை ஈண்டு ஆராய்வாம்.

சிறுநீர் வழியைப் பற்றும் நோய்களுட் பெரும்பாலன பற்றீரியாக்களால் விளைவன. எனினும், ஒட்டுண்ணிப் புழுவால் விளைவதும் உண்டு. ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கின் சில பகுதிகளிலும் சிஸ்டோசோமா ஈமற்றோபியம் என்னும் புழு இந்நோயை உண்டாக்குகின்றது. 1851 இல் கெய்ரோ நகரிற் பணியாற்றிய சேர்மன் வைத்தியர் தியோடர் பில்ஹார்ஸ் பிணப் பரிசோதனையின்போது இப்புழுவைக் கண்டறிந்தார். நோயோ மிகப் பழைமையானது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மம்மிகளின் சிறுநீரகங்களில் இதன் முட்டைகள் இருந்தமையை 1910 இல் மார்க் ஆர்மண்ட் ரூபர் என்பார் எடுத்துக்காட்டினார்.

நோயாளியின் சிறுநீருடன் வெளியேறும் முட்டைகள் நன்னீரிற் பொரிக்கின்றன. வெளிவரும் இளம் உயிரிகள் ஒருவகை நத்தையினுட் புகுந்து பல்கிப் பெருகி, வாலுடைய குடம்பிகளாய் மீண்டும் நீரை அடைகின்றன. அந்நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து அவை உடலுட் செல்லும். முதிர்ந்த புழுக்கள் சிறுநீர்ப்பையைச் சூழ்ந்த நாளங்களில் வாழ்ந்து முட்டையிடும். வெளியேறாது இழையங்களிற் சிக்கும் முட்டைகளாற் சிறுநீரிற் குருதி கலக்கும். நாளடைவிற் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் தோன்றக் கூடும்.

இந்நோயை அறியும் வழமையான முறை, 10 மில்லிலீற்றர் சிறுநீரை வடிகட்டி, முட்டைகளை நுணுக்குக்காட்டியால் எண்ணுதலாகும். நண்பகலை ஒட்டியே முட்டைகள் மிகுதியாக வெளியேறுவதால், காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையிற் சிறுநீரைப் பெறுவர். இம்முறை எளியது, செலவும் குறைந்தது. ஆயினும், புழுக்கள் சிலவே உள்ள உடலிலிருந்து ஒருநாள் முட்டை வெளிப்படும். மறுநாள் ஒன்றேனும் வெளிப்படாது. ஆகவே முட்டை காணப்படாமையால் நோயில்லை எனத் துணிதல் பொருந்தாது.

இக்குறையையே டி.என்.ஏ. சோதனை நீக்க முயல்கின்றது. முட்டைகளிலிருந்தும் புழுக்களிலிருந்தும் அவற்றின் டி.என்.ஏ. நுண்ணளவிற் சிறுநீரிற் கலக்கின்றது. இப்புழுவின் டி.என்.ஏ.யில் 121 இணைகள் கொண்ட ஒரு தொடர் எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப வருவதால், அதனைத் தேடுதல் எளிதாகின்றது. 1983 இல் கரி மலிஸ் வகுத்த முறைப்படி, கலவையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து, வெப்பந்தாங்கும் நொதியத்தின் துணையால் அத்தொடரைப் பிரதி செய்வர். ஒவ்வொரு சுற்றிலும் அது இருமடங்காயின், 30 சுற்றுக்களின் முடிவில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். அதன்பின் அதனைக் கண்டறிதல் அரிதன்று.

இத்துணை நுட்பம் எதற்கென நாம் வினவலாம். பிரசிகுவாந்தல் என்னும் மருந்து முதிர்ந்த புழுக்களை அழிக்கும். மீண்டும் தொற்றாது தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. மருந்து வழங்கிய ஊர்களில் நோய் குறையக் குறைய முட்டைகளும் அருகுகின்றன. அப்போது நுணுக்குக்காட்டி ‘நோயில்லை’ எனக் கூறிய ஒரு சிறுவன் குளத்திற் சிறுநீர் கழித்தால், நத்தைகளுக்கு மீண்டும் தொற்றும். அவற்றால் ஊருக்கும் தொற்றும். எனவே, நோய் ஒழியும் தறுவாயிலேதான் கூர்மையான சோதனை மிக வேண்டப்படுகின்றது.

இச்சோதனைக்கும் எல்லைகள் உள. சிகிச்சையின் பின் இறந்த முட்டைகளின் டி.என்.ஏ. சில காலம் எஞ்சியிருக்கலாம். ஆதலால் அதனைக் கண்டமாத்திரத்தே உயிருள்ள புழு உண்டெனல் ஆகாது. கருவியும் மின்சாரமும் பயிற்சியும் வேண்டும். இவ்விடர்களைக் குறைக்கவும் வழிகள் பிறந்துள்ளன. சிறுநீரை வடிதாளில் வடித்து உலர்த்தித் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். யப்பானியர் 2000 இல் வெளியிட்ட ஒரு முறை, ஏறத்தாழ 65 பாகை என்னும் ஒரே வெப்பநிலையிலேயே டி.என்.ஏ.யைப் பெருக்குகின்றது.

ஆதலின் நுணுக்குக்காட்டியைக் கைவிடுதல் வேண்டா. நோய் மலிந்த இடத்தில் அதுவே போதும். நோய் அருகிய இடத்தில் டி.என்.ஏ. சோதனை துணைநிற்கட்டும். காணாமை வேறு, இல்லாமை வேறு. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.