கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்: மார்க்கம் கூறுவது என்ன?

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் இளைஞர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், வீடுகளில் தொட்டி வைத்து வளர்ப்பதற்காக உயிருள்ள வண்ண மீனும் கடல் குதிரையும் பிடித்துத் தரச் சொல்லி ஒரு வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். சங்கை விட நல்ல காசு. ஆனால் பையில் கட்டி அனுப்பும்போது பல வழியிலேயே செத்துப் போகின்றன. இந்தச் சம்பாத்தியம் ஆகுமா?"

இக்கேள்வி பிடிப்பவரை மட்டும் சேர்ந்ததல்ல. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கி வைக்கும் நம் வீடுகளையும் சேர்ந்தது.

கடல் வேட்டை நமக்கு ஹலால் என்பது திருமறையின் 5:96 வசனத்தால் தெளிவு. அழகுக்காக உயிர்ப்பிராணி வளர்ப்பதும் ஆகுமானதே. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்திருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அக்குருவி என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள். பறவையைக் கூண்டில் வைப்பது பற்றி ஷாபிஈ மத்ஹபின் இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதன் தேவைகளைக் கவனித்து வந்தால் கூடும் என்றார்கள்.

"கவனித்து வந்தால்" என்ற நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டாள். தானும் உணவளிக்கவில்லை, அதுவே தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காக அவள் வேதனை செய்யப்பட்டாள் என்று ஹதீஸ் கூறுகிறது. கடலில் திரியும் மீன் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். தொட்டிக்குள் வந்துவிட்டால் இரை மட்டுமல்ல, தண்ணீரின் உப்பும் சூடும் சுத்தமும்கூட நம் கையில்தான். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பயணத்திலும் இதே பொறுப்பு உண்டு. கட்டிய பைக்குள் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்ந்து நீர் நஞ்சாகிறது. ஆகவே அனுப்புவதற்கு முந்தைய நாள் இரையை நிறுத்த வேண்டும்; பைக்குச் சிலவே இட்டு ஆக்ஸிஜன் நிரப்ப வேண்டும்; வெயில் படக்கூடாது. வந்து சேர்ந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். தொட்டியோ, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டாகும்படி பல வாரம் முன்பே ஆயத்தமாயிருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடித்தார்கள். அதனால் பவளப்பாறையும் மடிந்தது. பிடிபட்ட மீன்களிலும் பல பின்னர் மடிந்தன. இத்தகைய முறை ஒருபோதும் கூடாது.

இனி கடல் குதிரைக்கு வருவோம். கடல் குதிரை இனங்களும் கல் பவளங்களும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. இத்தடைக்குக் காரணம் நம் கண்முன்னே இருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியது அதற்குப் பெருங்காரணம். முத்துக்குளிப்பும் 1961க்குப் பின் இக்கரையில் நடக்கவில்லை. பொது நன்மைக்காக இடப்பட்ட, மார்க்கத்துக்கு முரணல்லாத தடையை மீறுவது முஸ்லிமுக்கு ஆகாது. ஆகவே இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூடாது.

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்தது. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே வாழும் கோமாளி மீனைப் பிடுங்கி எடுக்குமுன் இதை நினைக்க வேண்டும். அவசியமும் இல்லை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் கூடத்திலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். வளர்க்க விரும்புவோர் அவ்வாறு வளர்ந்த மீனையே கேட்டு வாங்கட்டும்.

அந்த இளைஞரிடம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னோம். சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். "கொடுத்துவிடுகிறேன் ஹஜ்ரத், ரிஸ்க் அல்லாஹ்வுடையது" என்று சொல்லி எழுந்தார். அவருடைய ரிஸ்கில் அல்லாஹ் பரகத் செய்வானாக! நம் வீட்டுத் தொட்டிக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றி நாளை நாம் கேட்கப்படுவோம் என்ற அச்சத்தை நம் உள்ளங்களில் தருவானாக! ஆமீன்.