லினக்ஸ் கணிப்பொறியில் மென்பொருட் பொதிகள்: புதுப்பித்தலும் பேணுதலும்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி மென்பொருள் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என வினவுவார் சிலர் இருக்கலாம். இன்று நம் மாணவர் எழுதும் ஆய்வேடுகளும், ஊர்தோறும் சென்று திரட்டும் நாட்டுப்புறப் பாடல்களும், படியெடுத்து வைக்கும் அரிய நூல்களும் கணிப்பொறியிலேயே தங்கியுள்ளன. ஏட்டைக் காக்கும் கடமையுடையோர்க்கு அவ்வேடு இருக்கும் பேழையைக் காக்கும் கடமையும் உண்டு. பிறர் கையை எதிர்பாராது அப்பேழையை நாமே பேணும் முறையினை லினக்ஸ் இயங்குதளத்தை, சிறப்பாக டெபியன் என்னும் வெளியீட்டைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. லினக்ஸும் டெபியனும்

1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய மென்பொருள்களால் ஓர் இயங்குதளத்தை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். 1991-இல் பின்லாந்தில் மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், வன்பொருளை ஆளும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின. எனினும் நூற்றுக்கணக்கான உறுப்புகளைத் தனித்தனியே பெற்று ஒன்று சேர்ப்பது எல்லார்க்கும் இயல்வதாக இல்லை. எனவே அவற்றைத் தொகுத்துச் செப்பம் செய்து வழங்கும் வெளியீடுகள் தோன்றின.

அவற்றுள் ஒன்று 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன். பின்னாளில் தம் துணைவியாரான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் அது வளர்ந்தது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளைக் கொண்டது. உபுண்டு என்னும் வெளியீடும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டனவே. ஆதலின் ஈண்டுக் கூறுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

2. பொதி என்பது யாது?

ஒரு மென்பொருளுக்கு வேண்டிய கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, அதனுடன் ஒரு விவரச் சீட்டையும் சேர்த்து வைத்தால் அது பொதி எனப்படும். அச்சீட்டில் பொதியின் பெயர், பதிப்பெண், பேணுவோர் பெயர், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். எக்கோப்பு எப்பொதியினின்று வந்தது என்பதைக் கணிப்பொறி தன் பதிவேட்டில் எழுதிக் கொள்கிறது. நூலகத்தில் வருகைப் பதிவேடு இல்லையேல் எந்நூல் எங்குள்ளது என அறிய இயலாது. பொதிப் பதிவேட்டின் பயனும் அத்தகையதே.

மென்பொருளை எழுதியவர் வேறு. அதனைப் பொதியாக்கி வழங்குபவர் வேறு. முன்னவரை நூலாசிரியர் எனவும், பின்னவரைப் பதிப்பாசிரியர் எனவும் கொண்டால் விளக்கம் எளிதாகும். ஒரு பொதியின் பதிப்பெண் 2.10-3 எனில், 2.10 என்பது ஆசிரியர் இட்ட எண். 3 என்பது பதிப்பாசிரியர் அதனை மூன்றாம் முறை செப்பம் செய்தார் என்பதன் குறி. இவ்வெண்களைப் பதின்ம எண்களாகக் கொள்ளுதல் பிழை. இங்கு 2.9-இன் பின்னதே 2.10.

டெபியனின் நிலைத்த வெளியீட்டில், பிழை காணப்பட்டால் பொதுவாக முழு நூலையும் மாற்றாது பிழையான வரிகளை மட்டும் திருத்துவர். ஆசிரியர் எண் பழையதாகவே இருக்கும். இறுதிப் பகுதி மட்டும் மாறும். இதனை அறியாதார், "எண் பழையது, ஆகவே இது பாதுகாப்பற்றது" எனத் தவறாக முடிவு செய்வர்.

3. சார்பும் அதன் பயனும்

எம்மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. மறையாக்கம் செய்தல், கோப்பைச் சுருக்குதல் போன்ற பொதுப் பணிகளைப் பொது நிரற்றொகுதிகள் செய்ய, ஏனையவை அவற்றைச் சார்ந்து இயங்குகின்றன. தொடக்கக் காலத்தில் ஒரு பொதியை நிறுவ முயன்றால் அது மற்றொன்றைக் கேட்கும். அது வேறொன்றைக் கேட்கும். இவ்வலைச்சலைத் தீர்த்தது ஆப்ட் என்னும் கருவி. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-இல் இடம்பெற்ற இக்கருவி, சார்புகளைத் தானே ஆராய்ந்து வேண்டிய பொதிகள் அனைத்தையும் கொணர்ந்து நிறுவுகிறது.

சார்பினால் விளையும் நன்மை ஒன்றுண்டு. 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்கத் தொகுதியில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட பிழை வெளிப்பட்டது. 2012 முதலே அது மறைந்து கிடந்தது. அப்பிழை வழியே பிறர் கணிப்பொறியின் நினைவகத்திலுள்ள இரகசியங்களைப் படிக்க இயன்றது. அவ்வொரு தொகுதியைப் புதுப்பித்தவுடன் அதனைச் சார்ந்த மென்பொருள்கள் அனைத்தும் பயன்பெற்றன. ஆனால் திருத்தம் வெளியாகும் நாளிலேயே, பிழை எவ்விடத்துளது என்பது கள்வர்க்கும் தெரிந்துவிடுகிறது. ஆதலின் புதுப்பிக்கக் காலம் தாழ்த்துவோர், பூட்டு உடைந்ததை ஊரறியப் பறைசாற்றிய பின்னும் பூட்டை மாற்றாதவர் ஆவர்.

4. புதுப்பிக்கும் முறை

முதற்கண் நம் ஆக்கங்களின் படிகளை வேறிரண்டு இடங்களில் சேமித்தல் வேண்டும். ஆப்ட் மென்பொருளைப் புதுப்பிக்குமேயன்றி இழந்த ஆய்வேட்டை மீட்டுத் தராது. அதன்பின் செய்யத்தக்கன வருமாறு:

அ) ஆப்ட் அப்டேட்: இக்கட்டளை களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதிதாகப் பெறுகிறது. இதனால் எம்மென்பொருளும் மாறுவதில்லை. இதனைச் செய்துவிட்டுப் புதுப்பித்தல் முடிந்தது எனக் கருதுவோர் பலர்.

ஆ) ஆப்ட் அப்கிரேட்: இதுவே பழைய பொதிகளை மாற்றிப் புதியவற்றை நிறுவுவது. இருக்கும் பொதி எதனையும் இது நீக்குவதில்லை. நீக்கினாலன்றி முடியாத மாற்றங்களுக்கு ஃபுல்-அப்கிரேட் என்னும் கட்டளை உண்டு. அதனை இடுமுன், நீக்கப்படுவன எவையெனத் திரையில் காட்டப்படும் பட்டியலை வரி விடாது படித்தல் வேண்டும்.

இ) அமைவுக் கோப்பு பற்றிய வினா: நாம் முன்னரே திருத்தியுள்ள அமைவுக் கோப்புக்குப் புதிய வடிவம் வருமாயின், "உம் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா?" எனக் கருவி வினவும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுமாறும் கேட்கலாம். பாடவேறுபாடு காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது புதிய கலையன்று.

ஈ) மீளத் தொடங்குதல்: வட்டிலுள்ள கோப்பு மாறினும், முன்னரே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்திலுள்ள பழைய படியையே பயன்படுத்தும். ஆகவே உரிய பணிகளை நிறுத்தித் தொடங்குதலும், கருநிரல் மாறியிருப்பின் கணிப்பொறியையே மீளத் தொடங்குதலும் இன்றியமையாதன.

உ) களைதல்: இனித் தேவைப்படாத சார்புப் பொதிகளை ஆட்டோரிமூவ் கட்டளையால் நீக்கலாம். இங்கும் பட்டியலைப் படித்த பின்னரே இசைவு தருதல் வேண்டும்.

டெபியன் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், அதன்மேல் இரண்டாண்டு நீட்டித்த பராமரிப்பும் உண்டு. பின்னர் அடுத்த வெளியீட்டுக்கு மாறுதல் வேண்டும். 12-இலிருந்து, 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-க்கு நேரே செல்லலாம். 11-இல் இருப்போர் 12 வழியாகவே செல்லுதல் வேண்டும். படியைத் தாண்டுதல் முறையன்று. ஒரே கணிப்பொறியில் வெவ்வேறு வெளியீடுகளின் பொதிகளைக் கலத்தலும் தவிர்க்கத்தக்கது.

5. முத்திரையும் இடைச்செருகலும்

களஞ்சியத்தினின்று வரும் பொதி மெய்யானதே என்பதற்குச் சான்று யாது? ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பெண் உண்டு. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்கள் பொதிப் பட்டியலில் உள்ளன. அப்பட்டியலின் சரிபார்ப்பெண் ஒரு தலைமைக் கோப்பில் உள்ளது. அத்தலைமைக் கோப்பில் களஞ்சியத்தார் தம் மின்முத்திரையை இடுகின்றனர். இச்சங்கிலி அறுபடின் ஆப்ட் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தாது மேற்செல்லுதல், முத்திரை உடைந்த கடிதத்தை நம்புதல் போல்வது.

எனினும் முத்திரை மட்டும் போதாது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். 2006-இல் டெபியனின் பதிப்பாசிரியர் ஒருவர், சோதனைக் கருவி ஒன்று எச்சரித்தமையால், ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுதியில் சில வரிகளை நீக்கினார். பிழையெனக் கருதி அவர் நீக்கியது உயிரான பகுதி. அதனால், எண்ணிறந்தனவாய் இருக்கவேண்டிய மறைச்சாவிகள் வகைக்கு 32,768 என்னும் அளவில் சுருங்கின. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. பொதியைப் புதுப்பித்தது மட்டும் போதவில்லை. அக்காலத்தில் ஆக்கிய சாவிகளையெல்லாம் களைந்து புதியன செய்ய நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பாடத் திருத்தமும் தீங்காக முடியலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, 2024-இல் நிகழ்ந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கத் தொகுதியைத் தனியொருவர் நெடுங்காலம் ஊதியமின்றிப் பேணி வந்தார். உதவ வந்தவர் போல் ஒருவர் புனைபெயரில் சேர்ந்து, ஈராண்டுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் மறைவாயில் ஒன்றைப் புகுத்தினார். அதனை இயங்கச் செய்யும் பகுதி பலரும் பார்க்கும் மூலத்தில் இல்லை. வெளியீட்டுக் கட்டில் மட்டுமே இருந்தது. இடைச்செருகல் என நாம் இலக்கியத்தில் வழங்கும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. தொலைவிலுள்ள கணிப்பொறியுள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரைநொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்த்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்த அத்தீங்கு நிலைத்த வெளியீட்டை எட்டவில்லை. முத்திரை, அனுப்பியவர் யார் என்பதை உரைக்குமேயன்றி அவர் நெஞ்சினை உரைக்காது. அதனைக் கண்டறிய விழிப்புடைய படிப்பாளர் ஒருவர் வேண்டும்.

6. நாமே கட்டும் பொதி

களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளை மூலத்திலிருந்து ஆக்கி நிறுவ வேண்டிய தேவை எழலாம். அவ்வாறு நேரே நிறுவியவை பதிவேட்டில் ஏறா. ஆப்ட் அவற்றைப் புதுப்பிக்கவோ முறையாக நீக்கவோ இயலாது. ஆகவே அவற்றைக் களஞ்சியப் பொதிகளோடு கலவாது, உள்ளூர்ப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட கோப்பகத்தில் தனியே வைத்தல் வேண்டும். அதனினும் சிறந்தது, மூலத்தைப் பொதியாகவே கட்டி நிறுவுதல். களஞ்சியப் பொதியைத் திருத்தி அமைப்பின், உள்ளூர்ப் பதிப்பெனத் தோன்றும் ஒட்டு ஒன்றைப் பதிப்பெண்ணில் சேர்த்தல் வேண்டும்.

இங்கு மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. நாமே கட்டிய பொதிக்கு நாமே பதிப்பாசிரியர். ஆசிரியர் வெளியிடும் பிழை அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்து, உரிய காலத்தில் மீளக் கட்டும் பொறுப்பும் நம்முடையதே. அவ்வாறு செய்ய இயலாதாயின் களஞ்சியப் பொதியோடு அமைவதே அறிவுடைமை.

7. ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் நமது கணிப்பொறிக் கூடத்தில், புதுப்பித்தல் பாதியில் நிற்கையில் மின்சாரம் தடைப்பட்டது. மின்கலமும் பழையதாகிவிட்டமையால் பொறி உடனே அணைந்தது. மின்சாரம் மீண்டபின் பொறி இயங்கிற்று. ஆனால் ஆப்ட் எப்பணியையும் செய்ய மறுத்தது. முதுகலை மாணவி ஒருவர் தம் ஊரில் திரட்டிய தாலாட்டுப் பாடல்கள் அப்பொறியில் இருந்தன. அவற்றுக்கு வேறு படி இல்லை. பாடிக் கொடுத்த மூதாட்டியருள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

"வட்டை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாகிவிடும்" என அருகிலிருந்தோர் கூறினர். சரியாகியிருக்கும், பாடல்கள் போயிருக்கும். அம்மாணவி மட்டும் திரையில் இருந்த எச்சரிக்கையைச் சொல் சொல்லாகப் படித்தார். பணி இடையில் நின்றது என்பதும், டிபிகேஜி கருவியைக் கான்ஃபிகர் என்னும் குறிப்போடு இயக்குக என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன. நாம் முதலில் பாடற்கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்தோம். பின் அவ்வாறே கட்டளை இட்டோம். நின்ற இடத்திலிருந்து பணி தொடர்ந்து சில நிமிடங்களில் முற்றுப் பெற்றது. கணிப்பொறிப் பட்டம் எவரிடமும் இல்லாத அக்கூடத்தில், பொறியைக் காத்தது படிக்கும் பழக்கமே.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன: பொதிகளைக் களஞ்சியத்தினின்று பெறுதல் நன்று, காலந்தாழ்த்தாது புதுப்பித்தல் கடமை, இசைவு தருமுன் பட்டியலைப் படித்தல் இன்றியமையாதது, நாமே கட்டியதற்கு நாமே பொறுப்பு, ஆக்கங்களுக்கு வேறு படி வைத்தல் அனைத்திற்கும் முந்தியது.

சுவடியைப் பெயர்த்தெழுதாது விட்ட தலைமுறையால் நாம் இழந்த நூல்கள் பல. அவ்விழப்பை எண்ணி வருந்தும் நாமே நம் காலத்துச் சுவடிகளைப் பேணாது விடுதல் தகாது. திருத்தும் உரிமையை இம்மென்பொருள்கள் நமக்கு அளித்துள்ளன. ஆயினும் கற்றோர்க்கே அவ்வுரிமை பயன்படும். நம் மாணவர்கள் வாரம் ஒரு நாள், ஒரு நாழிகையேனும் இப்பணிக்கு ஒதுக்குவாராயின், கூடத்துப் பொறிகளும் அவற்றில் உறையும் தமிழும் நெடுநாள் நிலைபெறும்.