ரோஜாவுக்குப் பதில் சலாமி: கறிப் பூங்கொத்து கட்டச் சில குறிப்புகள்

ரஷ்யாவில் பிப்ரவரி 23 ஆண்களுக்குப் பரிசு கொடுக்கும் நாள். செஞ்சேனை தினமாகத் தொடங்கி, இன்று தாய்நாட்டைக் காப்போர் தினம் என்ற பெயரில் 2002 முதல் அரசு விடுமுறையாக இருக்கிறது. மார்ச் 8 மகளிர் தினத்தன்று பெண்களுக்குப் பூ கிடைக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, தங்கள் வீட்டு ஆண்களுக்குப் பெண்கள் கட்டித் தருவதுதான் ‘ஆண்கள் பூங்கொத்து’. ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் புகையூட்டிய சாசேஜ், சடையாகப் பின்னிய செச்சில் சீஸ், வோப்லா என்கிற கருவாடு, முழுப் பூண்டு, சிவப்பு மிளகாய், இடையிடையே பச்சைத் தழை. அமெரிக்காவில் தந்தையர் தினத்துக்கு பேக்கன் ரோஜாவும், ஜெர்க்கி என்னும் உலர்ந்த கறிக் கொத்தும் கொடுப்பார்கள்.

பூவைக் கொடுத்தால் “நாளைக்கு வாடிடும், எதுக்கு இந்தச் செலவு?” என்று கேட்கிற அப்பாவோ மாமாவோ இல்லாத வீடு ஏது? அவர்களுக்கு ஏற்ற பரிசு இது. ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். மாஸ்கோவில் பிப்ரவரி மாதம் உறைபனி. பால்கனியே ஃபிரிட்ஜ் மாதிரி. நம் ஊரில் அதே கொத்தைக் கூடத்து மேசையில் வைத்தால் பகல் சாப்பாட்டுக்குள் கெட்டுவிடும். ஆகவே அழகைவிட நேரக்கணக்குதான் இங்கே முக்கியம்.

1. தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். புரட்டாசி, அமாவாசை, கிருத்திகை, வெள்ளி, செவ்வாய், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்கள், தவக்காலம்: இவற்றில் எது அந்த வீட்டில் அனுசரிக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். பிறந்த நாள் அப்படிப்பட்ட நாளில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் போகிறது.

2. பன்றி, மாடு, ஹலால் விஷயங்களை ஊகிக்க வேண்டாம். வாங்குபவரின் மனைவியிடமோ அம்மாவிடமோ நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சாசேஜ் வாங்கும்போது உறையின் பொருட்பட்டியலையும் படியுங்கள். உள்ளே கோழிக்கறி இருந்தாலும் மேல்தோல் வேறு விலங்கினுடையதாக இருக்கக்கூடும்.

3. பச்சைக்கறி, அரைவேக்காடு எதுவும் கொத்தில் வரக்கூடாது. முழுதாக வெந்ததும் நன்கு உலர்ந்ததும் மட்டுமே. இங்கே கடைகளில் கிடைக்கும் சிக்கன் சலாமி பெரும்பாலும் வேகவைத்து, குளிரூட்டி விற்பது. வெளிநாட்டு உலர் சலாமி போல வெளியில் தொங்கவிட முடியாது. உறையில் ‘சூடாக்கி உண்ணவும்’ என்றிருந்தால் ஒவ்வொரு துண்டையும் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரு பக்கமும் நன்றாகச் சூடேற்றி, ஆறவிட்டுப் பிறகு மடியுங்கள்.

4. உறைந்த சலாமியையும் சாசேஜையும் முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்துப் பனி இளக்காதீர்கள். உள்ளே கட்டியாக இருக்கும்போதே மேல்பகுதியில் கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

5. சலாமி ரோஜாவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் போதும். அதன் வாய் சலாமி வட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். ஒரு துண்டை விளிம்பின்மேல் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்குமாறு மடியுங்கள். அடுத்ததை முதல் துண்டின் பாதியை மூடுமாறு வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் இன்னொரு சுற்று, பிறகு இன்னொன்று. மூன்று சுற்று வந்தால் நடுத்துளை ஏறக்குறைய மூடிவிடும்; 10, 12 துண்டுகள் ஆகும். வெளியே தொங்கும் பகுதியை டம்ளரோடு சேர்த்து அழுத்தி, தட்டில் கவிழ்த்து, டம்ளரை மெதுவாக மேலே இழுங்கள். வெளியிதழ்களை விரலால் சற்றே வளைத்துவிட்டால் ரோஜா மலர்ந்துவிடும்.

பார்க்க மிக அழகானது இதுதான். ஆனால் குச்சியில் நிற்காது. காம்பு வைத்த கொத்துக்கு அடுத்த குறிப்பில் உள்ள சுருள் ரோஜாவைச் செய்யுங்கள். டம்ளர் ரோஜாவை அட்டைப்பெட்டிக்குள் முட்டைக்கோஸ் இலைக் கிண்ணத்தில் அமர்த்திக் கொடுங்கள்.

6. சுருள் ரோஜா: நான்கைந்து சலாமித் துண்டுகளைப் பாதி பாதி ஏறுமாறு வரிசையாகப் பரப்புங்கள். வரிசை முழுவதையும் நீளவாக்கில் இரண்டாக மடித்தால் ஒரு பக்கம் வளைவுகளும் மறுபக்கம் நேர்மடிப்பும் இருக்கும். ஓர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். மடிப்புப் பக்கம் கீழே, வளைவுகள் மேலே. அடியில் டூத்பிக் ஒன்றைக் குறுக்கே குத்தினால் பிரியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே மடித்தால் சில சலாமி விரிசல் விடும். ஐந்து நிமிடம் பொறுத்துச் செய்யுங்கள்.

7. சாசேஜ் பூவுக்குக் கத்தியும் சூடான எண்ணெயும் போதும். குட்டி காக்டெய்ல் சாசேஜின் ஒரு முனையில் பாதி நீளம்வரை பிளஸ் குறிபோலக் கீறுங்கள். அதன் இடைவெளிகளில் இன்னொரு பிளஸ் கீறினால் எட்டு இதழ். எண்ணெயில் போட்டதும் மேல்தோல் சுருங்கி, உள்சதை விரிந்து, இதழ்கள் வெளிப்புறமாக வளையும். பெரிய சாசேஜ் என்றால் நீளவாக்கில் பிளந்து, ஒரு பக்கம் மட்டும் சீப்புப் பல் போல வெட்டி, வெட்டிய பக்கம் வெளியே வருமாறு வளையமாக வளைத்து டூத்பிக் குத்தி வதக்குங்கள். நடுவில் அவித்த காடை முட்டை ஒன்றை வைத்தால் குழந்தைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

8. நம்மிடம் ஏற்கெனவே காம்போடு பிறந்த மொட்டு ஒன்று உண்டு: சிக்கன் லாலிபாப். எலும்புதான் காம்பு. அதன்மேல் ஃபாயில் சுற்றிக் கொத்தில் செருகிவிடலாம். ரஷ்ய சாசேஜைவிட நம் வீட்டு ஆண்களுக்கு இது பிடிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மட்டன் கோலா உருண்டையும் நல்ல மொட்டுதான். பொரித்துச் சூடு தணிந்து, மேல் ஓடு இறுகிய பிறகே குச்சியில் குத்துங்கள். மாவில் பொட்டுக்கடலைப் பொடி ஒரு கரண்டி கூடுதலாக இருந்தால் உடையாது.

9. பன்றிக்கறி சாப்பிடுபவருக்கு பேக்கன் ரோஜா செய்யலாம். கொழுப்பு ஓரம் மேலே இருக்குமாறு ஒவ்வொரு பட்டையையும் சுருட்டி, அடியில் இரண்டு டூத்பிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்துங்கள். ஓவனில் தட்டின்மேல் கம்பிச் சட்டம் வைத்து அதில் நிற்கவிட்டு 200 டிகிரியில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வாட்டுங்கள். கொழுப்பு கீழே சொட்டிவிட, ஓரங்கள் சுருண்டு முறுகும். சொட்டிய கொழுப்பிலேயே ஊறினால் முறுகாது. முழுதாக ஆறிய பிறகுதான் காம்பு.

10. நாள்பட நிற்கும் கொத்து வேண்டுமா? நம் பாட்டிமார் ஃபிரிட்ஜ் இல்லாமலே கறியைக் காத்த வழி இருக்கிறது: உப்புக்கண்டம். அமெரிக்க ஜெர்க்கிக் கொத்துக்கு நம் பதில் இதுவே. எலும்பில்லாத ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி, நாரின் போக்கில் மெல்லிய நீளப் பட்டைகளாக வெட்டுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய், இஞ்சி, பூண்டு அரைத்துத் தடவி ஊறவைத்து, ஊசியால் நூலில் கோத்து, பங்குனி, சித்திரை வெயிலில் தொங்கவிடுங்கள். ஈ மொய்க்காமல் மெல்லிய வேட்டித் துணி மூடியிருக்கட்டும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வளைத்தால் ஒடியும் அளவுக்குக் காய வேண்டும்.

ரோஜாவாகச் சுருட்டிக் காயவைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சுருளின் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பட்டைகளைப் பட்டைகளாகவே காயவைத்து, நெற்கதிர்க் கட்டு மாதிரி ஒன்றாகச் சேர்த்து, பட்டர் பேப்பரில் சுற்றி வாழைநாரால் கட்டுங்கள். அப்படியே சாப்பிடுவதற்கானது இல்லை என்பதால் ‘லேசாக இடித்து, எண்ணெயில் நன்றாகப் பொரித்துச் சாப்பிடவும்’ என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

11. காம்புக்கு 25 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி எடுங்கள். அடுப்பிலோ ஓவனிலோ குச்சியோடு வாட்டுவதானால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் கருகாது. கனமான பூவுக்கு ஒரு குச்சி போதாது, சுழன்று சரிந்துவிடும். இரண்டு குச்சிகளை அருகருகே குத்துங்கள். வெங்காயத்தாளின் குழல் போன்ற பச்சைப் பகுதியைக் குச்சியில் மாட்டிவிட்டால் நிஜக் காம்பு போலவே இருக்கும், சாப்பிடவும் செய்யலாம்.

12. பூக்கடைக்காரர்கள் குத்தி வைக்கும் பச்சை ஸ்பாஞ்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ரசாயனப் பிசினில் செய்தது. உதிரும் தூள் உணவில் ஒட்டும். பாதி முட்டைக்கோஸை வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு ஒரு மண்சட்டியில் அழுத்தி வைத்து அதில் குத்துங்கள். உறுதியாகப் பிடிக்கும், மறுநாள் அதுவே பொரியலாகும்.

13. இடைவெளிகளை நிரப்பப் புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, லெட்யூஸ். நிறத்துக்குச் சிவப்பு மிளகாய், செர்ரித் தக்காளி, எலுமிச்சை, முள்ளங்கிச் சீவல். எல்லாவற்றையும் கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்துச் செருகுங்கள். உண்ணத்தகாத பூ ஒன்றுகூட வரக்கூடாது. அரளியும் எருக்கும் நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளும் நஞ்சுதான். கடை ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கும். தொட்டால் கையில் ஒட்டும் எதுவும் கறியிலும் ஒட்டும் என்று எடுத்துக்கொண்டால் முடிவு செய்வது சுலபம். ஜிகினாத்தூள், சென்ட், ஸ்டேப்ளர் பின், மெல்லிய கம்பி எல்லாமே இதில் அடங்கும்.

14. உள்சுற்றுக்கு அனலில் வாட்டிய வாழையிலை மிக நல்லது. வாட்டினால் கிழியாமல் வளையும், எண்ணெயையும் உறிஞ்சாது. அதற்கு வெளியே நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர், மேலே சணல் கயிறு. செய்தித்தாள் பார்க்க அழகாக இருக்கும் என்று சிலர் சுற்றுகிறார்கள். அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் இறங்கும்; உணவுப் பொதிவுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் நம் நாட்டில் அதைத் தடை செய்திருக்கின்றன.

15. பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும். ரஷ்யாவில் இரட்டைப்படைப் பூ இறந்தவருக்கு மட்டுமே. மொய்க் கவரில் நூறோடு ஒன்று சேர்க்கும் நமக்கும் ஒற்றைப்படைதான் மங்கலம். கனமானவற்றை நடுவிலும் தாழ்வாகவும், லேசானவற்றை ஓரத்திலும் உயரமாகவும் வையுங்கள். ஏழு பூ இருந்தாலே கை நிறையும்.

16. இனி நேரக்கணக்கு. சமைத்த கறி ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம் இருக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அடுக்கும் நேரம், வழியில் ஆகும் நேரம், புகைப்படம் எடுக்கும் நேரம் எல்லாம் இதில் சேரும். பூக்களைத் தனித்தனியே செய்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சட்டி, தழை, தாள் எல்லாம் தயாரான பிறகு, கிளம்புவதற்குச் சற்று முன் செருகுங்கள். தூரம் அதிகமென்றால் பூக்களை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே கட்டுவது நல்லது. டூவீலரில் முன்னால் தொங்கவிட்டு வெயிலில் போகாதீர்கள். உப்புக்கண்டக் கட்டுக்கு மட்டும் இந்த அவசரம் இல்லை.

17. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குக் குளிர்ந்த சலாமிக் கொத்து வேண்டாம். லிஸ்டீரியா என்னும் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். அவர்களுக்கு ஆவி பறக்கச் சூடாக்கித்தான் தர வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு சாசேஜ், பேக்கன், உப்புக்கண்டம் மூன்றிலும் உப்பு அதிகம். லாலிபாப்பும் கோலாவும் வீட்டிலேயே உப்பைக் குறைத்துச் செய்யலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. ஆண்டுக்கு ஒருமுறை பிறந்த நாளுக்குத் தரலாம். வாரந்தோறும் வாங்கும் பழக்கமாக்க வேண்டாம்.

18. கூடவே ஒரு சின்ன பாட்டிலில் புதினாச் சட்னி, நறுக்கிய வெங்காயம், இரண்டு பன் அல்லது பரோட்டா கொடுங்கள். வெறும் சலாமியை எத்தனை துண்டுதான் சாப்பிட முடியும்?

19. கொத்தில் எத்தனை டூத்பிக், எத்தனை குச்சி குத்தினீர்கள் என்று எண்ணி, வாழ்த்து அட்டையின் பின்புறம் எழுதுங்கள். சாப்பிடும் முன் அவற்றை உருவி எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு சாசேஜை வட்டமாக நறுக்கித் தராமல் நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் ஆபத்து குறையும். மிஞ்சிய பூக்களை நேரம் கடப்பதற்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை பொடியாக நறுக்கி முட்டைப் பொரியலில் சேர்த்து நன்றாக வதக்கிவிடலாம்.